நாலாவது சீட்டு

கடவுளிடம் எதைக் கேட்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா? நேசமலருக்கு அதெல்லாம் கிடையாது. சாமிப்படங்களின் முன்னால் தாம்பாளத்தை வைத்து, மகளின் மைனர் பாடத்துக்குத் திருவுளச்சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாம்பவி அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் வருடம். விடுமுறைக்குக் கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்திருந்தாள். முதன்மைப் பாடம் உயிரியல், பட்டம் முடிந்ததும் மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பம், அதில் மாற்றமில்லை. கூடவே எடுக்கும் துணைப்பாடமான மைனரை மட்டும் இன்று மாலைக்குள் பதிய வேண்டும். தாய்க்கு உயிர் இரசாயனம், மகளுக்கு உளவியல். மெடிக்கல் ஸ்கூலில் மைனரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, விருப்பமானதை எடு என்று கல்லூரி ஆலோசகர் சொன்னதைச் சாம்பவி எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாள். விருப்பம் என்ற சொல் அந்த வீட்டில் எடுபடாது.

மூத்தவள் உஷாந்தி கணிதம்தான் என்று நின்றபோது, ஏ.எல். உயர்தரப் பரீட்சைப் படிவத்தில் பயோ என்று நிரப்பிக் கொடுத்தவள் நேசமலர். மூன்றாம் தரம் பரீட்சை எழுதியும் மெடிசின் கிடைக்காத கிழமை, தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. நாளைக்கு அவளுடைய திவசம். சமைத்துப் படைப்பார்கள், அவளைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள்.

கிழித்துவைத்த பழைய கலண்டர் தாள்கள் மூன்றின் பின்பக்கத்தில் உயிர் இரசாயனம், உளவியல், சமாதானத்துக்குப் பொதுச் சுகாதாரம் என்று எழுதி, மடித்துக் குலுக்கிப் போட்டாள் நேசமலர். சாம்பவி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். தாள் ஈரமாக இருந்தது.

கணிதம் என்று எழுதியிருந்தது.

மகள் விளையாடுகிறாள் என்று நேசமலருக்குக் கோபம் வந்தது. முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தாம்பாளத்தில் இருந்தவற்றைப் பிரித்தார்கள். நேசமலர் எழுதிய மூன்றும் அப்படியே கிடந்தன. நாலாவதில் 'ம்' மேலிருந்த புள்ளி சின்ன வட்டமாக இருந்தது. புள்ளியை அப்படிப் போடுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

"அம்மா, திருப்பிப் பாருங்கோ."

மறுபக்கம் பதினெட்டாம் திகதி. நாளைய தாள்.

இருவரும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரிடம் போனார்கள். மேலே இன்றைய பதினேழு, காலையில் விட்டபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பவி அதைத் தூக்கினாள். கீழே பத்தொன்பது.

நேசமலர் கதிரையில் இருந்தபடி சீட்டை மடியில் வைத்துத் தடவித் தடவி நேராக்கினாள். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"அவளிட்ட நான் ஒருக்காலும் கேக்கேல்லை, பிள்ளை. உனக்கு எது விருப்பமோ அதைப் போடு."

சாம்பவி மடிக்கணினியைத் திறந்து உளவியலைப் பதிந்தாள். இவ்வளவு நாள் கேட்டது கிடைத்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

நேசமலர் எழுந்துபோய், பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே அந்தத் தாளைத் திரும்பச் செருகிப் பார்த்தாள். அது நிற்கவில்லை. தாள் கிழிபட்ட இடத்திலிருந்து ஒரு துளி நீர் இறங்கி, பத்தொன்பதின் மேல் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.