வலியுள்ள கட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பள்ளிக்கூடமே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். இருபத்திரண்டு வருடம் மைதானத்தில் நின்று கத்திப் பாருங்கள், அப்புறம் யார் குரல் இனிக்கிறது என்று பார்க்கலாம். நான் உடற்பயிற்சி ஆசிரியை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'விசில் மிஸ்'. அது எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வருடம் சுகாதாரக் கல்வியில் புற்றுநோய் விழிப்புணர்வையும் சேர்த்தார்கள். எட்டாம் வகுப்புக்கு ஆறு வாரப் பாடம். அறிவியல் ஆசிரியை, "எனக்குப் பாடமே முடியல" என்று கையை விரித்துவிட்டார். மற்றவர்களுக்குத் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய விஷயம் இருந்தது. தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "உடம்பு சம்பந்தப்பட்டதுதானே, நீங்களே எடுத்துடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கையேட்டைப் புரட்டினேன். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் என்று எட்டு போட்டிருந்தது. டிரில்லுக்கும் எண்ணிக்கை எட்டு. சட்டென்று பொறி தட்டியது. எழுதிப் படித்தது பரீட்சையோடு போய்விடும், உடம்போடு படித்தது போகாது என்பது என் கட்சி. அதனால் நோட்டே வேண்டாம், எல்லாரும் மைதானத்துக்கு வாருங்கள் என்றேன். கையை மேலே தூக்கினால் ஒன்று, பக்கவாட்டில் நீட்டினால் இரண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அடையாளம். 'ஆறாத புண்', 'விடாத இருமல்', 'மாறிய மச்சம்' எல்லாம் தாளத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டன. முதல் அடையாளம்தான் அடம்பிடித்தது. கையேட்டில் 'வலியில்லாத கட்டி' என்று இருந்தது. கை ஏறி இறங்குவதற்குள் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. கொஞ்சம் நறுக்கி 'வலியில்லாக் கட்டி' ஆக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டே வாரத்தில் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். தலைமையாசிரியை மாடி வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அறிவியல் ஆசிரியையின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அதை மறைக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, வகுப்பு முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சி வந்து நின்றாள். அது நான் வைத்த பெயர். இடப்பக்கம் திரும்பு என்றால் ஏன் வலப்பக்கம் திரும்பக் கூடாது என்று கேட்கிற பிறவி. அன்று எதுவும் கேட்கவில்லை.

"தேங்க்ஸ் மிஸ்" என்றாள்.

"எதுக்கு? என்ன உடைச்சே?"

"ஒண்ணும் உடைக்கல மிஸ். எங்க அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி இருக்கு. ரெண்டு மாசமா ரொம்பப் பயந்துகிட்டே இருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக் கிளம்பிக்கூட நின்னாங்க. நான்தான் நம்ம டிரில்லைச் செஞ்சு காட்டினேன். அம்மா கட்டியை அமுக்கிப் பார்த்தாங்க. வலிக்கவே இல்ல! அப்பாடான்னு செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உட்கார்ந்துட்டாங்க. இப்ப நல்லாச் சாப்பிடறாங்க மிஸ்."

என் கையிலிருந்த பந்து எங்கே உருண்டது என்று எனக்கு நினைவில்லை.

"முதல் எண்ணிக்கை என்ன? சொல்லு."

கையை மேலே தூக்கினாள். "வலியுள்ள கட்டி!"

தண்ணீர்க் குழாயடியில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டேன். தனித்தனியாகச் சொல்லச் சொன்னேன். மூன்று பேர் 'வலியுள்ள' என்றார்கள். எப்போதும் முன்வரிசையில் நிற்கிற பையன் மட்டும் நெளிந்தான். "நான் முதல்ல 'இல்லா'ன்னுதான் சொன்னேன் மிஸ். பின்னாடி எல்லாரும் 'உள்ள'ன்னு கத்தினாங்க. எனக்குத்தான் காது சரியில்லைன்னு மாத்திக்கிட்டேன்."

பெரிய மைதானம், காற்று, நாற்பத்திரண்டு தொண்டை. நான் நறுக்கிய இடத்தில் வார்த்தை தலைகீழாகிவிட்டது. சத்தம் எவ்வளவு என்று கேட்டேனே தவிர, என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாளும் நான் காது கொடுக்கவில்லை.

எதிர்க்கட்சியை மட்டும் நிறுத்திவைத்துச் சொன்னேன். "நான் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தப்பா விழுந்துடுச்சு. வலிக்கல என்கிறதுக்காக ஒரு கட்டியைச் சும்மா விடக் கூடாது. கட்டின்னாலே புற்றுநோய் இல்ல, நிறைய கட்டி சாதாரணமானதுதான். ஆனா அதை டாக்டர் பார்த்துட்டுச் சொல்லணும்."

அவள் அழவில்லை. சற்று முன் தூக்கிக் காட்டிய தன் கையைப் பார்த்தாள். "நீங்களே வந்து சொல்லுங்க மிஸ். நான் சொன்னா அம்மா நம்ப மாட்டாங்க. கிளம்பினவங்களை நிறுத்தினதே நான்தானே" என்றாள்.

பதிமூன்று வயதுப் பிள்ளை சுமக்க வேண்டிய வார்த்தையா அது? அதை அவள் தலையில் ஏற்றி வைத்தது நான். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் கோபப்பட்டிருக்கிறேன். அன்று போல என் மேல் நான் கோபப்பட்டதில்லை.

அன்று சாயங்காலமே அவளோடு போனேன். அவள் அம்மா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், சுவரோரம் அடுக்கிய துணிக் கட்டு, கால் வைக்கிற இடமெல்லாம் நூல் துணுக்கு. கழுத்தில் அளவு நாடா தொங்க, நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார். கணவருக்கு வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார்.

"வாங்க டீச்சர், என்ன பண்ணினா இவ?" என்று கேட்டுக்கொண்டே மகளை முறைத்தார்.

"அவ ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என் மேல்தான் என்பதை இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, பழக்கமில்லை.

மெஷின் நின்றது. அவர் முகத்திலிருந்த நிம்மதி வடிந்துபோனதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் மறுபடி துணியை இழுத்து ஊசிக்கடியில் வைத்தார்.

"சரிங்க டீச்சர். இந்த ஆர்டர் முடியட்டும். அடுத்த மாசம் போய்ப் பார்க்கிறேன்."

"நாளைக்குப் போகலாம்."

"நாளைக்கா? அறுபது சட்டைக்குப் பட்டன் தைக்கணும். திங்கட்கிழமை கொடுக்கணும்."

எனக்குக் கோபம் ஏறியது. கத்தினால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, சட்டைக் குவியலை என் பக்கம் நகர்த்தி, ஊசி கேட்டேன்.

"என்ன டீச்சர் பண்றீங்க?"

"பட்டன் தைக்கிறேன். அறுபதும் முடிஞ்சா நாளைக்கு வருவீங்கல்ல?"

எனக்குத் தையல் வராது. முதல் பட்டனை என் புடவையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். எதிர்க்கட்சி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அம்மாவும் சிரித்துவிட்டார். நூலை வெட்டி என்னை விடுவித்து, "இதுக்குப் பதிலா நான் ஆஸ்பத்திரிக்கே வந்துடறேன். நீங்க தைச்சா நான் அறுபதையும் பிரிச்சுத் தைக்கணும்" என்றார். சிரிப்பு முடிந்ததும் வெட்டிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் போனோம். மருத்துவர் ஓர் இளம் பெண். தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்.

திங்கட்கிழமை காலை அசெம்பிளியில் மைக்கை வாங்கினேன். "எட்டாம் வகுப்புக்கு நான் ஒரு அடையாளத்தைத் தப்பா விழற மாதிரி சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றேன். 'வலியில்லாத கட்டி' என்று முழுசாக, ஒரு எழுத்தும் நறுக்காமல் சொன்னேன். அன்றைக்கு வகுப்பில் டிரில் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு, தன் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லச் சொன்னேன். "கட்டி இருந்தா, வலிக்காட்டியும் போய்க் காட்டணும்" என்று ஒருத்தி சொன்னாள். கையேட்டை எழுதியவர்களைவிட நன்றாகச் சொன்னாள். எல்லாரும் அதையே வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை. "சரியான நேரத்துல வந்துட்டீங்க. அறுவை சிகிச்சை பண்ணிடலாம், அப்புறம் கொஞ்ச நாள் மருந்து. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு" என்றார் மருத்துவர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தடுத்தார்.

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா டீச்சர்? வலிக்காத கட்டிதான் ஆபத்துன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பக்கத்துக் கடைக்கார அம்மாவுக்கு அப்படித்தான் வந்துச்சு. இவ வந்து வலிச்சாத்தான் ஆபத்துன்னு சொன்னதும், தெரிஞ்சே அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். போகாம இருக்க எனக்கு ஒரு சாக்கு வேணும்னு இருந்துச்சு. நீங்க சரியாச் சொல்லியிருந்தா நான் வேற சாக்கு தேடியிருப்பேன். தப்பாப் போனதாலதான் நீங்க வீட்டுக்கே வந்துட்டீங்க."

"அதுக்காக நான் பண்ணினது சரியாகிடாது" என்றேன்.

"ஆகாது" என்று எதிர்க்கட்சி நடுவில் புகுந்தாள். அம்மா அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, அப்படியே இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். யார் பார்த்தால் என்ன.

அடுத்த வாரம் அந்தப் பெண் விடுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். 'என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம். அறுவை சிகிச்சையின்போது நான் கூட இருக்க வேண்டும். ஐந்து நாள் விடுப்புத் தரவும்.' நான் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியையிடம் எடுத்துப் போனேன்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை இப்படிப் பச்சையாவா எழுதுறது? நாலு பேர் பார்க்கிற காகிதம். குடும்ப வேலைன்னு மாத்தி எழுதிட்டு வரச் சொல்லுங்க."

"நாலு பேர் பார்க்கட்டும் மேடம். அதுக்குத்தானே ஆறு வாரம் பாடம் எடுக்கிறோம்? கையெழுத்துப் போடுங்க."

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று நின்றேன். அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார், காகிதத்தை மட்டும் என்னிடம் கொடுக்காமல் வைத்திருந்தார். அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த லேடி டாக்டர் எந்தெந்த நாள் பார்க்கிறாங்க?" என்றார். கை அவரை அறியாமல் புடவைத் தலைப்புக்குள் போயிருந்தது. "எனக்கும் வலியில்ல. அதனாலதான் ஆறு மாசமா யார்கிட்டயும் சொல்லல."

"நாளைக்குப் பார்க்கிறாங்க" என்றேன். "முதல் பீரியடுக்கு அறிவியல் டீச்சரைப் போடுங்க. நான் உங்க கூட வரேன்."