எண்ணெய்த் தாங்கிக்குள் நின்ற அலறல்

எண்பத்திரண்டாம் ஆண்டு ஒரு பேய்ப்படத்துக்காகச் சீலா போட்ட அலறல், சீனக்குடாக் காட்டிலுள்ள பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் நாற்பது வருடத்துக்கு மேலாக நின்றது. வெள்ளைக்காரன் தன் யுத்தக் கப்பல்களுக்கென்று கட்டி, வெறுமையாக விட்டுப்போன இரும்புத் தாங்கி அது. உள்ளே ஒரு கோயிலையே தூக்கி வைக்கலாம். 'கோட்டையடி மணமகள்' என்ற அந்தப் படத்தில், கலியாணத்தன்று கொலையுண்டு பேயாக வருகிறவள் சீலா. பத்தொன்பது வயது, மாதா கோயில் பாடகர் குழுவில் மேல்சுருதி பிடிக்கிறவள். படக்காரர் தாங்கிக்குள் வைத்து ஒரு தடவை அலறச் சொன்னார்கள், சரி என்றார்கள், சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலறல் மட்டும் அடங்கவில்லை. வெளியே வந்த சீலாவுக்கு அதன் பிறகு கிசுகிசுப்புக்கு மேல் குரல் எழும்பவில்லை. டாக்குத்தர்மார் தொண்டையைப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவர்கள் பார்த்ததில் பிழையில்லை. குரல் இருந்தது தாங்கிக்குள்.

அடுத்த வருடக் கலவரத்தில் படத்தின் பிரதிகள் எரிந்துபோயின. படத்தை மறந்த சனம் அலறலை மறக்கவில்லை. விறகுக்குப் போனவர்கள் அதைக் கேட்டுத் திசை பிடித்தார்கள். காவலுக்கு வந்த சிப்பாய்கள் முதலில் துவக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தார்கள், பிறகு தாங்கி வாசலிலேயே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார்கள். அலறல் மாரியில் கொஞ்சம் கம்மும், கோடையில் கச்சான் காற்று எழும்பினால் தெளியும். சீலா நகரத்தில் கலியாணச் சட்டைகளை வாடகைக்கு விடும் கடை திறந்தாள். அவள் பேசுவதைக் கேட்க மணப்பெண்கள் குனிய வேண்டியிருந்தது. அதை அவர்கள் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சுனாமி வந்த காலையில் அவள் சாம்பல்தீவில், தங்கை மெற்றில்டாவின் வீட்டு மொட்டைமாடியில் நின்றாள். நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள். மெற்றில்டாவின் கணவன் சுகந்தன் ஆழ்கடலில் வலையோடு இருந்தான். மெற்றில்டா நத்தாருக்குத் தைத்த நீலச் சட்டையோடு, கரையில் அவன் வரவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் பின்வாங்கியதையும் பிறகு எழுந்ததையும் சீலா மேலிருந்து கண்டாள். வாயை அகலத் திறந்தாள். கொடியில் காய்ந்த துணிகூட அசையாத ஒரு மூச்சுத்தான் வந்தது. சுகந்தன் உயிரோடு திரும்பினான், மெற்றில்டா இல்லை. தங்கைக்கான பூசை முடிந்த கையோடு சீலா பஸ் ஏறிச் சீனக்குடாவுக்குப் போய், துருப்பிடித்த வாசலில் நின்று, "நீ இருந்தென்ன!" என்று தன் அலறலை ஏசினாள். ஏசியது அவளுக்கே கேட்கவில்லை. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டாள்.

பல வருடம் கழித்து அந்தப் படத்தைத் திரும்ப எடுக்க வந்தவள் நப்லா. கிண்ணியாக்காரி, கொழும்பில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவள், தன் கண் பிழைக்காது என்று நம்புகிறவள். பேய் வேடத்துக்கு ஆட்தெரிவு நகரத்து மண்டபமொன்றில் நடந்தது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கிருந்தோ பெண்பிள்ளைகள் வந்து வரிசையில் நின்று அலறினார்கள். கூரையில் இருந்த புறாக்கள் ஒன்றுகூடப் பறக்கவில்லை. முகநூலில் பெருங்கூட்டம் வைத்திருந்த நிரோஷினிதான் வேண்டும் என்றார் தயாரிப்பாளர். முகம் அவளுடையது, அலறல் தாங்கியுடையது என்று தீர்மானமாயிற்று. ஒலிப்பதிவாளன் டிலுக்ஷன் மைக்கோடு போய், காதடைக்க நின்று பதிந்துகொண்டு வந்தான். போட்டுப் பார்த்தால் சில்வண்டுதான் கேட்டது. மைக்கை மாற்றிப் பார்த்தான், அப்போதும் சில்வண்டு.

"ஆளில்லாமல் அது வராது போல" என்றான். நப்லா அதைப்பற்றி வாதாடவில்லை. ஆளைத் தேடிக் கடைக்குப் போனாள்.

"அன்ரி, ஒங்கட சத்தம் எங்களுக்கு வேணும்."

சீலா ஒரு முக்காட்டுக்கு மணி தைத்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது விளங்க, நப்லா கதிரையைக் கிட்ட இழுக்க வேண்டியிருந்தது.

"சத்தம் வேணுமெண்டா நானும் வேணும். பேயா நடிக்கிறது நான்தான்."

"கதையில பேய்க்கு இருபது வயசு."

"செத்தது இருபதில, பிள்ளை. அதுக்குப் பிறகு இவ்வளவு காலமும் காத்துக்கொண்டெல்லே இருந்தவள். காத்திருந்தா ஆருக்கும் வயசு போகும்."

நப்லா அந்த முகத்தைப் பார்த்தாள். எந்தப் பக்கத்தால் வெளிச்சம் விட வேண்டும் என்று அவள் கண் அப்போதே முடிவெடுத்துவிட்டது. அங்கிருந்தபடியே தயாரிப்பாளரை அழைத்தாள்: உயிரோடு இருக்கும் மணமகள் நிரோஷினி, செத்த மணமகள் சீலா. அவர் கத்தி ஓயுமட்டும் தொலைபேசியைக் காதுக்கு எட்டப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏலாதெண்டா வேற டைரக்டரைப் பாருங்க" என்றாள். அவர் பார்க்கவில்லை.

படப்பிடிப்பன்று காலை, சீலா தன் கடையின் ஆகப் பழைய சட்டையை முக்காட்டோடு உடுத்துக்கொண்டு தாங்கிக்குள் இறங்கினாள். எல்லாரும் காதுக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள். அவள் நடுவில் போய் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அலறலைக் கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அலறல் சுவரோடு சுவராக ஒரு சுற்றுச் சுற்றி, மெலிந்து, அவளுக்குள் போயிற்று. காட்டில் முதல் தடவையாக இலை விழுவது கேட்டது. நப்லா கையைக் காட்டினாள். சீலா வாயைத் திறந்தாள்.

"மெற்றில்டா! ஓடு!"

தாங்கியின் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. டிலுக்ஷனின் கருவியில் ஊசி கடைசிவரை போய் நின்றது, இம்முறை பதிந்திருந்தது. கதையில் மெற்றில்டா என்று ஒருவரும் இல்லையே என்று உதவியாளன் ஒருவன் முணுமுணுக்க, "இனி இருக்கு" என்றாள் நப்லா.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் சாம்பல்தீவிலிருந்து சுகந்தன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். தலை நரைத்திருந்தது, செருப்பில்லை.

"மச்சாள், நீங்க கூப்பிட்டது கரை முழுக்கக் கேட்டது. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு சனமெல்லாம் ஓடினது. கடல் சும்மா கிடந்தது."

"அவளுக்குக் கேட்டதோ?"

"ஓம். எங்கள் எல்லாருக்கும் முன்னால ஓடினவள். அதே நீலச் சட்டை. மேட்டுறோட்டால ஏறிப் போனவள்."

"திரும்பிப் பாத்தவளோ?"

"இல்லை, மச்சாள்."

"நல்லம். பாத்திருந்தா நேரம் போயிருக்கும்."

சீலா முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். ஒரு சாப்பாட்டுப் பார்சலை எடுத்து அவன் கையில் வைத்து, நிழலில் இருந்து சாப்பிடச் சொன்னாள். அடுத்த காட்சிக்கு வெளிச்சம் சரி என்று நப்லா கூப்பிட்டாள். "வாறன்!" என்றாள் சீலா. அது காட்டைத் தாண்டித் துறைமுகம்வரை கேட்டது.