கேள்விக்கு மட்டும் பதில்

"ரெஃப்ரி சார், உங்களுக்குக் கண்ணு தெரியுதா?" என்று மாமா கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"தெரியுது கோச்," என்றேன்.

"அப்ப எதுக்கு விசில்?"

"பந்தைத் தட்டாம ரெண்டு எட்டு கூட வச்சான்."

"நீங்க எண்ணுனீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?"

"எண்ணினேன்."

பாஸ்கெட்பால் நடுவர்களிடம் ஒரு முறை உண்டு. கோச் கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். கருத்துச் சொன்னால் காதில் விழாத மாதிரி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கருத்து கூச்சலானால் ஒரு முறை எச்சரிக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கையை நிமிர்த்தி, மறு கையை அதன் தலைமேல் குறுக்கே, ஆங்கில 'T' மாதிரி வைத்து டெக்னிக்கல் ஃபவுல் காட்ட வேண்டும். ஒரே ஆட்டத்தில் இரண்டு வாங்கினால் கோச் அரங்கத்தை விட்டே போக வேண்டும். மாமாவுக்கு இது அத்தனையும் மனப்பாடம். அதனால் இந்த முறை வசவு மொத்தத்தையும் கேள்வியாக மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். ஒரு பள்ளியின் பாஸ்கெட்பால் கோச். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன். கூப்பிட்டால் பகலில் ஆட்டங்களுக்கு நடுவராகவும் போவேன். அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். போன சீசனில் அவர் உதைத்த தண்ணீர் பாட்டில் ஸ்கோர் மேசையில் போய் விழுந்தது. இரண்டாவது டெக்னிக்கலைக் கொடுத்து அவரை வெளியே அனுப்பியவன் நான். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அக்கா வழியாகத்தான். நான் எதிரிலேயே நிற்பேன். "அவனை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லு," என்பார். அக்கா என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்பாள். நான் அவளிடம், "கேட்டுச்சுன்னு சொல்லு," என்பேன்.

பள்ளி நிர்வாகம் அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. இன்னொரு முறை வெளியேற்றப்பட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆட்டத்துக்கு நான் வருவதாகவே இல்லை. வரவேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். எங்கள் நடுவர் பட்டியலில் ஆளே கிடையாது, இருப்பவனைத்தான் போடுவார்கள். மதியம் தூங்கி எழுந்தபோது அக்கா கதவருகே நின்றிருந்தாள்.

"வேற யாராவது அவரை வெளிய அனுப்பினா அவருக்கு வேலை போகும். நீ அனுப்பினா நான் உன்னையும் அவரையும் சேர்த்து ஒரே வீட்ல வச்சுக் குப்பை கொட்டணும். புரியுதா?"

"அவர் வாயை மூடிட்டு இருந்தா நான் ஏன் அனுப்பப்போறேன்?"

"அது நடக்கிற காரியமா? நீதான் ஏதாவது பண்ணணும்." கீழே இறங்கப் போனவள் திரும்பினாள். "நாங்க முன்னாடி போறோம். தொட்டியில தண்ணி இல்ல. மோட்டாரைப் போட்டு, நிறைஞ்சதும் நிறுத்திட்டு வா."

மோட்டாரைப் போட்டேன். விசிலைத் தேடினேன். துவைக்கப் போட்ட பேண்டில் கிடைத்தது. கிளம்பினேன்.

என்னோடு ஊதிய இன்னொரு நடுவர் ஒரு மருந்துக்கடைக்காரர். விதியைத் தவிர வேறெதையும் நம்பாதவர். மூன்றாவது கால்பகுதியில் மாமா கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் கால் வைத்ததும், சீட்டைப் பார்த்து மாத்திரை எடுப்பதைப் போல நிதானமாகக் கையை நிமிர்த்தி டெக்னிக்கல் காட்டினார். என்னைக் கடக்கும்போது, "ஒரு டோஸ் கொடுத்தாச்சு. அடுத்தது தேவைப்பட்டா நீயே கொடு," என்றார்.

மேலே கேலரியைப் பார்த்தேன். அக்கா பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பந்தை அவள் பார்க்கவே இல்லை.

கடைசிப் பகுதி முழுக்க நான் பேசியது கிடங்கில் ஒரு மாதத்தில் பேசுவதைவிட அதிகம். ஃபவுல் ஆவதற்கு முன்பே பையன்களிடம், "கையை எடு", "இடுப்பை விடு", "அவன் என்ன உன் மாமியாரா, ஏன் இப்படி முறைக்கிற?" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். விசில் குறைந்தால் மாமாவின் வாய்க்கு வேலையும் குறையும் என்பது என் கணக்கு. அவர் அணியின் கேப்டன் ஒரு நெட்டைப் பையன், ஒட்டகம் என்று கூப்பிடுவார்கள். அவனைத் தனியாகப் பிடித்து, "உங்க கோச் கத்தினா நீ போய்த் தண்ணி கொடு," என்றேன்.

"அவருக்கா சார்? பாட்டிலையா சார்?" என்றான். அவனும் போன சீசன் ஆட்டத்தில் இருந்தவன்.

ஆட்டம் முடியச் சில நொடிகள். மாமாவின் அணி ஒரு புள்ளி பின்னால். ஒட்டகம் பந்தோடு உள்ளே பாய்ந்து, அசையாமல் நின்ற எதிரணிப் பையன் நெஞ்சில் மோதிவிட்டுப் போட்டான். பந்து வளையத்துக்குள் விழுந்தது. நான் ஊதினேன். மோதியது இவன். புள்ளி கிடையாது.

"சார், அவன்தான் சார் வந்து விழுந்தான்," என்றான் ஒட்டகம்.

"அவன் உனக்கு முன்னாடியே அங்க நின்னாச்சுடா. போ."

மாமா வந்தார். கோடு வரைக்கும் வந்து நின்றார். முகம் செங்கல் நிறம். வாய் திறந்தது. இந்த முறை வரப்போவது கேள்வி இல்லை என்பது தெரிந்தது. என்ன வார்த்தை என்பதும் தெரிந்தது. போன சீசனிலும் அதுதான். அது வெளியே வந்துவிட்டால் என் கை தானாக நிமிரும், நான் அப்படிப் பழகிவிட்டேன். அவர் அருகே போய்த் தாழ்ந்த குரலில், வாயில் வந்ததைக் கேட்டேன்.

"மாமா, வீட்ல மோட்டார் ஓடுது. நிறுத்தியாச்சா?"

மோட்டார் விஷயத்தில் அவர் வெறிபிடித்த மனிதர். தொட்டி நிரம்பி ஒரு சொட்டு வழிந்தாலும் குடும்பத்தையே வரிசையில் நிற்கவைத்து விசாரிப்பார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வந்த வார்த்தை எங்கோ உள்ளே சிக்கிக்கொண்டது.

"யாரு போட்டா?" என்றார் மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போட்டவன் நான். நிறுத்திய ஞாபகம் துளியும் இல்லை.

"ஆட்டம் ஓடணும் கோச்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மிச்ச ஆட்டத்தை மாமா பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கி, சுவிட்சைக் கீழே தட்டுவது போலக் காட்டினார். அவள் புரியாமல் உள்ளங்கையை விரித்தாள். அவர் மறுபடி தட்டினார், பிறகு தலைக்கு மேல் ஒரு தொட்டியை வரைந்து, அது வழிவதை இரண்டு கைகளாலும் காட்டினார். மருந்துக்கடைக்காரர் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"என்னைப் பாத்து என்னமோ சைகை காட்டுறார்."

"உங்களுக்கு இல்ல சார். மோட்டாருக்கு."

"எந்த மோட்டாருக்கு?"

"வீட்டு மோட்டாருக்கு சார். ஊதிடாதீங்க."

அவர் விசிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்திருப்பார். அதற்குள் மணி அடித்தது. மாமா தோற்றார். ஸ்கோர் பலகையைக்கூடப் பார்க்காமல் எதிர் கோச்சிடம் கையைக் கொடுத்தார், ஒட்டகத்தின் முதுகில் தட்டினார், அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினார். நிர்வாகத்தின் ஆள் பக்கத்தில் இருந்தவரிடம், "மனுஷன் ரொம்பப் பக்குவப்பட்டுட்டார்," என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அவர்கள் பின்னாலேயே நான் வீடு சேர்ந்தபோது வாசல் வரைக்கும் ஈரம். மாடிப்படியில் ஒவ்வொரு படியாகத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. என் அறையிலிருந்து ஒரு செருப்பும் கூடவே இறங்கி வந்தது. அக்கா மேலே சுவிட்சை நிறுத்தப் போயிருந்தாள். மாமா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டி, கீழ்ப்படியில் நின்றார்.

"யாருடா போட்டது?"

கேள்விதான். பதில் சொல்லியாக வேண்டும்.

"நான்தான் மாமா."

அவர் ஷூக்களை ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். வலது கையை நிமிர்த்தினார். இடது கையைக் கொண்டுவந்து, அவசரமே இல்லாமல், அதன் தலைமேல் குறுக்கே வைத்தார். மேலே மோட்டார் நின்றது. தலைக்கு மேலே இருந்த தொட்டிக் குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் அவர் தோளில் விழுந்து முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கையை இறக்கவில்லை.