முதல் நாள் பெட்டி

உடையப்பனுக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா முழுவதும் அரபு நாட்டில், முசஃபாவில், தகரக் கூரை போட்ட ஒரு கிடங்குக்குள் இருந்தது. பதினோரு வருஷமாக அதைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். யானையையும் சிங்கத்தையும் படமெடுக்க ஆளரவமில்லாத காட்டுக்குள் இரண்டு மாதம் போய்க் கிடக்கும் படக்குழுக்களுக்குக் கூடாரம், ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, கட்டில், அடுப்பு என்று சகலமும் கொடுப்பது அவருடைய கம்பெனியின் தொழில். கன்டெய்னர் கதவைச் சாத்தி முத்திரை வைப்பதோடு அவருடைய ஆப்பிரிக்கா முடிந்துவிடும். சிவகங்கைப் பக்கத்து ஆள். யானையைக் கோயிலில் பார்த்ததோடு சரி.

ஆனால் ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைசியில் தேவைப்படுவது முதலில் உள்ளே போகும். முதலில் தேவைப்படுவது கடைசியில், கதவை ஒட்டி. அப்படிக் கதவருகே வைப்பதற்கென்றே மஞ்சள் பட்டை அடித்த மரப்பெட்டி ஒன்றை அவர் ஏற்பாடு செய்திருந்தார். டார்ச், கேஸ் அடுப்பு, சுத்தியல், கூடார முளைகள், கயிறு, மருந்து, தேயிலை, சர்க்கரை. காட்டில் போய் இறங்கிய அன்று இருட்டுவதற்குள் இந்த ஒரு பெட்டி கைக்கு வந்துவிட்டால் போதும், மற்றதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். முதல் நாள் பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே.

இந்த முறை நமீபியா. "நம்ம கிடங்கு ஆள் ஒருத்தர் கூடவே வரணும்னு கேக்குறாங்க" என்று மேனேஜர் விஜயபாஸ்கர் சொன்னபோது உடையப்பனைப் பார்த்துத்தான் சொன்னார். அல்லது உடையப்பனுக்கு அப்படித் தோன்றியது. ஆசை வந்துவிட்டால் மனுஷனுக்கு எல்லாக் கண்ணும் தன்னைப் பார்ப்பதாகத்தானே தெரியும். லீவு நாளில் பஸ் பிடித்துத் துபாய் போய், சத்வா கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, கணுக்காலுக்கு மேல் ஏறும் பழுப்பு நிற பூட்ஸ் வாங்கி வந்தார். லேபர் கேம்ப்பில் வாசலில் விட்ட செருப்புக்கு உத்தரவாதம் கிடையாது என்பதால், எல்லாரையும் போல அவரும் உள்பக்கம் பேனாவால் பெயரை எழுதினார். அப்படியும் மனசு ஒப்பாமல் அதை முதல் நாள் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். தான்தானே அதைத் திறக்கப் போகிறோம். மனைவி உமாராணிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். சாப்பாட்டு நேரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பத்து நாள் கழித்து அறிவிப்பு வந்தது. போகப் போவது பிரவீணன்.

பிரவீணன் யாழ்ப்பாணத்துப் பையன். இருபத்தெட்டு வயது. சேர்ந்து எட்டு மாதம். மஞ்சள் பட்டை எதற்கு என்றுகூட உடையப்பன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அவனுக்கு இங்கிலீஷ் சரளமா வரும்ல, உடையப்பன். அங்க பேசுற வேலைதான் அதிகம்" என்றார் விஜயபாஸ்கர். உடையப்பன் சரி சார் என்றார். வயிறு எரிந்தது. அவன் சிரித்தால் எரிந்தது, சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தால் எரிந்தது, "அண்ணை, அங்க குளிருமோ?" என்று மரியாதையாகக் கேட்டபோது இன்னும் அதிகமாக எரிந்தது. உமாராணியிடம் விசா தாமதம் என்று பொய் சொல்லிவைத்தார்.

ஏற்றும் நாளன்று பிரவீணன் விசா வேலையாகத் துபாய் போயிருந்தான். உடையப்பன் கன்டெய்னர் வாசலில் சற்று நேரம் நின்றார். பிறகு முதல் நாள் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய், கடைக்கோடிச் சுவரை ஒட்டி வைத்தார். அதன் முன்னால் இரண்டு ஜெனரேட்டர். அதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிகள். இங்கிலீஷ் பேசி எடுத்துக்கொள்ளட்டும் என்று வாய்விட்டே சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

கஸ்டம்ஸ் முத்திரை விழுந்து, லாரி கிளம்பி, கேட்டைத் தாண்டிய பிறகுதான் பூட்ஸ் ஞாபகம் வந்தது.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் பிரவீணன் சாட்டிலைட் போனில் கூப்பிட்டான்.

"அண்ணை, நேத்து வந்து சேர்ந்திட்டம். பெட்டி கதவடியில இல்லை. பொழுது பட்டிட்டுது, கையில ஒரு டார்ச்கூட இல்லை. ஜீப் லைட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணித்தியாலம் முழுச் சாமானையும் இறக்கினனாங்கள். ஆகக் கடைசியில, ஜெனரேட்டருக்குப் பின்னால கிடந்தது."

உடையப்பன் போனை மறுகாதுக்கு மாற்றினார்.

"டைரக்டருக்குச் சரியான கோபம். போர்ட்டில திறந்து பாத்திட்டு மாத்தி அடுக்கிப் போட்டாங்கள் எண்டு நான் சொல்லிட்டன். சாருக்கும் அப்பிடித்தான் எழுதினனான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சப்பாத்து உங்கடதுதானே அண்ணை, பேர் கிடக்கு. நீங்கள் வர இருந்தனீங்கள் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். மாட்டிவிட்டிருந்தால் ஆயுசுக்கும் பகை வளர்த்திருக்கலாம். ஒன்றுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டான் பாவி. காட்டுக்கும் அவன் போவான், நல்லவனாகவும் அவனே இருப்பானா?

மத்தியானம் விஜயபாஸ்கர் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் சிரிப்பு.

"பிரவீணன் எழுதியிருக்கான். உடையப்பன் அண்ணன் கூட இருந்திருந்தா இந்த அலைச்சலே இல்லைன்னு. பிப்ரவரில போட்ஸ்வானா இருக்கு. நீங்கதான் போறீங்க. இங்கிலீஷ நான் போன்லயே பேசிக்கிறேன்."

பதினோரு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அது வந்து காதில் விழுந்தபோது உடையப்பனுக்குச் சந்தோஷம் வரவில்லை, அவன் வாங்கிக் கொடுத்தது என்பதுதான் உறைத்தது. அங்கே போய் நிற்கும் ஒவ்வொரு நாளும் இது அவன் போட்ட பிச்சை என்று அடிவயிறு சொல்லிக்கொண்டே இருக்கும்.

"போர்ட்டுல யாரும் மாத்தல சார். நாந்தான் உள்ள வச்சேன். தெரிஞ்சேதான் வச்சேன்."

"எதுக்கு?"

"பொறாமை சார்."

இதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவனிடம் கடன்பட மனசில்லை, அவ்வளவுதான். விஜயபாஸ்கர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"அப்ப பிப்ரவரி இல்ல. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உங்க வேலைய ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்கள அனுப்பிட்டு யாரை வச்சு ஏத்துறது? இனிமே கதவு சாத்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். போங்க."

பதினோரு வருஷத்தில் அவர் அடுக்கியதை யாரும் சரிபார்த்ததில்லை. அன்று சாயங்காலம் உமாராணியிடம் உண்மையைச் சொன்னார். அவள், தெருக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் பிரவீணன் மறுபடியும் கூப்பிட்டான்.

"ஏன் அண்ணை சொன்னனீங்கள்? நான்தான் சமாளிச்சிட்டனே."

"அதுக்குத்தான் சொன்னேன்" என்றார் உடையப்பன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. பிறகு, கேட்கக் கூடாது என்று ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார். "அந்த பூட்ஸ் என்னாச்சு?"

"போட்டுக்கொண்டுதான் நிக்கிறன். சாமான் இறக்கேக்க என்ர சப்பாத்து பிஞ்சு போச்சு. கேக்காமல் எடுத்ததுக்குக் குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு யானைக் கூட்டத்துக்குப் பின்னால மூண்டு மைல் நடந்திட்டு வாறன்."

தன் பெயர் எழுதிய பூட்ஸ், யானைக்குப் பின்னால், மூன்று மைல்.

"காலுக்குச் சரியா இருக்கா?"

"எங்க அண்ணை. ஒரு சைஸ் பெரிசு. முன்னுக்குத் துணி அடைச்சுத்தான் நடக்கிறன். அப்பிடியும் கழண்டு கழண்டு போகுது."

"அப்படியா" என்றார் உடையப்பன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்குக் கொஞ்சம் வயிறு குளிர்ந்தது.