காற்று வாங்கும் வாய்

மூக்கு வழியாக வந்தது பால், வாய்க்குள் போனது வயிற்றுக்குப் போகாமல் இரண்டு சின்னத் துளைகளிலும் வெள்ளையாக எட்டிப் பார்த்து, மேலுதட்டில் இறங்கி, கழுத்து மடிப்பில் போய்த் தேங்கியது, வேதநாயகி அதை முந்தானையால் துடைக்கிறாள், துடைத்துக்கொண்டே இருக்கிறாள், ஆனால் இப்போது மடியில் பிள்ளை இல்லை, ஆஸ்பத்திரி மாடியில் ஆபரேஷன் அறையின் சாத்திய கதவுக்கு எதிரே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், பதினோரு மாத முகிலனை உள்ளே தூக்கிப்போய் ஒரு மணி நேரமாகிறது, கை மட்டும் பழைய பழக்கத்தில் முந்தானையைக் கசக்குகிறது. பக்கத்தில் மாமியார் சம்பூர்ணம், அவருக்கு அப்பால் கணவன் கனகராசு, இவர்கள் பேசியதெல்லாம் போதாதா, பிறந்த மூன்றாம் நாளே தொடங்கிவிட்டார்களே, பிள்ளை மணிக்கணக்கில் சப்புகிறது, வேர்த்துக் களைத்துத் தூங்குகிறது, கால் மணியில் பசித்துக் கத்துகிறது, அத்தை சொன்னார், உன்ற மாருல சத்தில்ல அம்மணி, அதான் புள்ள ஒட்ட மாட்டேங்குது, நானெல்லாம் நாலு புள்ளைக்குக் குடுத்துப்போட்டு மிச்சத்தப் பீச்சிக் கொட்டுனவ. சத்தில்லையா, ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, பாய்வரை நனைகிறதே, கட்டிக்கொண்டு கல்லாய் வலிக்கிறதே, அது உங்கள் கண்ணில் படவில்லையா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவர் கொடுத்த பூண்டுக் கஞ்சியைக் குடித்தாள், பால் இன்னும் கட்டியது, பிள்ளை இன்னும் இளைத்தது. பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ, இருபத்தெட்டாம் நாள் இரண்டரை, தொடைத் தோல் யாரோ பெரிய பிள்ளையின் தோலை இரவல் வாங்கிப் போர்த்தியதுபோல் மடிந்து தொங்கியது.

அன்றைக்கு இதே ஆஸ்பத்திரியில்தான், கீழ்த்தளத்தில், டாக்டரம்மா பிள்ளையை எடைத் தட்டில் கிடத்தி, சீட்டில் எழுதி, எழுதிய சீட்டைப் பார்த்தே சொன்னார், தாய் சந்தோஷமா இருக்கணும்மா, டென்ஷன் ஆனா பால் சுரக்காது. பால் மூக்குல வருதுங்க மேடம். எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் வரும், சரியாப் பிடிச்சுக் குடுக்கப் பழகு. அவ்வளவுதான், நெஞ்சில் குழாய் வைத்தார், வயிற்றைத் தட்டினார், காலை மடக்கி நீட்டினார், வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை, இந்த ஒன்றுதான் இத்தனை மாதமாக அவளுக்குள் ஓடுகிறது, சோறு வடிக்கும்போது ஓடுகிறது, துணி பிழியும்போது ஓடுகிறது, பிழிகிற துணி கிழிந்துபோகிற அளவுக்கு ஓடுகிறது.

நாற்பதாம் நாள் நடுப்பகல், வெயில் வாசலில் நின்றது, தொட்டியில் மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது, மாடு நக்குவதில்லை, உதட்டை நீரில் பதித்து வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் உறிஞ்சும், தொட்டியில் நீர் இறங்குவது மட்டும் தெரியும். கீழே சிந்தியதை நாய் குடிக்கிறது, அதற்கு உதடு இறுக மூடாது, கன்னம் கிழிந்து கிடக்கிற வாய், உறிஞ்ச வழியில்லை, அதனால் நாக்கால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்கிறது. கோழி ஒரு வாய் மொண்டு, தலையை வானத்துக்குத் தூக்கித் தொண்டையில் இறங்க விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் வாய் எப்படியோ குடிப்பும் அப்படி, நாயைப் பார்த்து உனக்கு உறிஞ்சத் தெரியவில்லை என்று யாரும் ஏசவில்லை, மாட்டைப் பார்த்து சந்தோஷமாக இரு என்று யாரும் சொல்லவில்லை, அவள் பிள்ளையை மட்டும் சோம்பேறி என்றார்கள், அவளை வறண்டவள் என்றார்கள். மடியில் முகிலன் சப்பினான், சளக், சளக், சளக், அந்த நேரம் அடுத்த தோட்டத்துக் கிணற்றுமேட்டில் மோட்டார் ஓடியது, தண்ணீர் எடுக்காமல் அதுவும் களகளவென்று வெறும் சத்தம் போட்டது, மோட்டார் காத்து வாங்குதுங்கோ என்று யாரோ கத்தினார்கள், வேதநாயகியின் முதுகு நிமிர்ந்தது.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் அவள் பம்ப் பட்டறையில் இருந்தவள், சோதித்துப் பார்க்கும் பிரிவில் நின்றுகொண்டே வேலை, எத்தனை பம்புகளைத் தன் கையால் ஓட்டிப் பார்த்திருக்கிறாள், உறிஞ்சுவது இழுப்பதல்ல, உள்ளே வெறுமையாக்கி வைப்பது, வெளியில் இருக்கிற காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து அதை நிரப்பிவிடும், குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், தண்ணீருக்குப் பதில் காற்று புகுந்துகொள்ளும், அப்புறம் நாளெல்லாம் ஓடினாலும் சொட்டு ஏறாது. அப்படியானால் கிணற்றில் குறையில்லை, மோட்டாரிலும் குறையில்லை, பிள்ளையும் வஞ்சகமில்லாமல் சப்புகிறது, எங்கேயோ ஓட்டை. செல்போன் விளக்கைப் போட்டாள், தாடையைப் பெருவிரலால் இறக்கினாள், உதடு முழுசு, ஈறு முழுசு, பிள்ளை வீறிட்டபோது நாக்கு தாழ்ந்தது, மேலே கூரை இருக்க வேண்டிய இடத்தில், பின்பாதியில், சிவப்பாக ஒரு பிளவு, அதற்குள் இருட்டு.

அவள் அழவில்லை, கத்தினாள், ஏனுங்க, இங்க வாங்க, பாருங்க, நீங்களும் பாருங்க அத்தை, நல்லாக் குனிஞ்சு பாருங்க. கனகராசு செல்போனை வாங்கிக் குனிந்து பார்த்தான். சம்பூர்ணம் பார்த்தார், நிமிர்ந்து சொன்னார், மாசமா இருக்கறவ கெரகணத்தன்னிக்கு வெளிய போகாதீன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா. நாற்பது நாளாக அவள் மார்பில் இருந்த குற்றம் அரை நொடியில் வயிற்றுக்கு இடம் மாறியது, அவளைவிட்டு மட்டும் இறங்கவில்லை. அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிக்கு வந்தாள், இங்கிருந்த வேறொரு டாக்டர் ஒரே ஒரு தடவை விளக்கடித்துப் பார்த்து, அண்ணத்துல பிளவும்மா, உங்க மேல ஒரு தப்பும் இல்லை, ஒரு வயசுக்குள்ள தைச்சுரலாம், அதுவரைக்கும் பாலைப் பீச்சி, நிமிர்த்தி உட்கார வெச்சு, பாலாடையில குடுங்க என்றார். நீட்டு மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தை உதட்டோரம் சாய்த்தபோது பால் தன் எடையிலேயே இறங்கியது, உறிஞ்ச வேண்டியதில்லை, முகிலன் விழுங்கினான், விழுங்கினான், வயிறு நிறைந்து தூங்கிய பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது, தெரிந்ததும் கோபம் குறைய வேண்டுமல்லவா, கூடியது, இவ்வளவுதானா, இவ்வளவுக்கா நாற்பது நாள் என் பிள்ளையைப் பட்டினி போட்டீர்கள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம், கீழ்த்தளத்து டாக்டரம்மா, கையில் கோப்பு, இவளை அடையாளம் கண்டு சிரிக்கிறார், உன் பையன்தானே உள்ளே, நல்லா எடை போட்டுட்டானாமே, பாத்தியா, நீ தைரியமா இருந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு. வேதநாயகி எழுந்து நின்றாள். மேடம், நீங்க என்ற பையன் வாயத் தொறந்து பாக்கவே இல்லீங்க. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள், அத்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்தார், சும்மா இரு அம்மணி. அவள் உதறினாள். இதெல்லாம் சில சமயம் தெரியாமப் போயிடும்மா என்றார் டாக்டரம்மா. போவுமுங்க, பாக்காட்டிப் போவுமுங்க, ஒரு டார்ச் அடிச்சா போவாதுங்க, இனி வர்ற புள்ளைகளுக்காச்சும் அடிச்சுப் பாருங்க, பாத்துப்போட்டு அப்புறமா தாயச் சொல்லுங்க. டாக்டரம்மா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

கதவு திறந்தது, நர்ஸ் பிள்ளையை ஏந்தி வந்தாள், நல்லபடியா முடிஞ்சுதும்மா, கொஞ்ச நேரம் அழுவான், தூக்கி வெச்சுக்கங்க. அதற்குள் அழுகைச் சத்தம் வராந்தா முழுக்க நிறைந்துவிட்டது, கனகராசு திகைத்து, இது நம்ம பையன் சத்தமா என்றான். இதுவரை அவன் அழுகை பாதி மூக்கு வழியாக ஒழுகிப்போய், மீதிதான் வெளியே வரும், இது வேறு யாரோ, தொண்டையிலிருந்து நேராக, உரத்து, ஒரு பொட்டுக் காற்றும் வீணாகாமல் வருகிற சத்தம். வாங்க கண்ணு, ஆத்தாகிட்ட வாங்க என்று சம்பூர்ணம் இரண்டு கையையும் நீட்டினார். வேதநாயகி கொடுக்கவில்லை. தோளில் நிமிர்த்திப் போட்டு, முதுகைத் தட்டி, அவன் காதோரம் சொன்னாள், திட்டு சாமி, நல்லாத் திட்டு, எல்லாத்தையும் சேத்துத் திட்டு.