மேலே வலி

எங்கள் பேச்சில் தலைக்குப் பெயர் பாஷ். எங்கள் மாமனார் பெயர் பாஷிர். மருமகள்கள் மாமனார் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. அந்த ஒலி வரும் சொல்லையும் எடுக்கக் கூடாது. ஆகவே இந்த வீட்டில் எனக்கும் என் ஓரகத்தி சைகாலுக்கும் தலையே கிடையாது. 'மேல்' என்போம். மேலை வாரிக்கொள்வோம், மேலில் முக்காடு போடுவோம். வந்த புதிதில் சமையலறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சைகால் பிள்ளை பெற்று வீடு திரும்பிய வாரமே அவள் முகம் ஊதத் தொடங்கியது. அத்தைக்கு ஒரே பெருமை. பிள்ளை பெற்றவளுக்கென்று அறுத்த ஆடு வீண்போகவில்லையாம்.

தாதி திலாரா பார்க்க வந்தாள். நகரத்தில் ருஷ்யப் பேச்சோடு வளர்ந்தவள், எங்கள் மலைக்குப் புதியவள். பிள்ளையை எடை பார்த்தாள், தொப்புளைத் துடைத்தாள், கொஞ்சினாள். பெற்றவளின் நினைப்பு அவளுக்குப் பையை மூடும்போதுதான் வந்தது.

"உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தேநீர் ஊற்றக் கெண்டியை எடுத்த சைகால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "மேலே வலிக்குது. நேத்துலேர்ந்து."

"மார்லயா? பால் கட்டியிருக்கும். முட்டைக்கோஸ் இலை வச்சுக் கட்டு, சரியாயிடும்."

"அவளுக்கு என்ன கேடு? முகத்தைப் பாரேன், ரொட்டி மாதிரி உப்பியிருக்கு!" என்றாள் அத்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவள், இன்னொரு கேள்வி கேட்டால் குறைந்தா போய்விடுவாள்? சைகாலைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஊற்றிய தேநீர் கிண்ணத்துக்கு வெளியே, விரிப்பின்மேல் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

என் கூடப்பிறந்தவள் போனதும் இப்படித்தான். முதலில் தலைவலி, அப்புறம் கண் மங்கல், அப்புறம் வலிப்பு. அவள் பிள்ளை இப்போது யாரையோ அம்மா என்கிறது.

திலாரா வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஷ்!" என்று கத்தினேன். "அவளுக்கு பாஷ் வலிக்குது! மார் இல்ல! கண்ணும் தெரியல!"

"அடிப்பாவி, பெரியவர் முன்னாடியே! உன் நாக்கு அழுகிப்போக!"

"அழுகட்டும் அத்தை. முதல்ல அவளைப் பாருங்க."

திலாரா ஒற்றைக்கால் பூட்ஸோடு ஓடிவந்தாள். சைகாலின் சட்டைக் கையைச் சுருட்டி, ரத்த அழுத்தக் கருவியைக் கட்டினாள். அளவைப் பார்த்தவள் நம்பாமல் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"வண்டி எடுங்க," என்றாள். "இப்பவே."

மாமனார் அதற்குள் சைகால் அருகே மண்டியிட்டிருந்தார். அவள் உடம்பு அவர் கையிலேயே விறைத்துக்கொண்டு வந்தது.

"அம்மாடி, எங்க வலிக்குது? வாயைத் திறந்து சொல்லு. என் பேரைச் சொல்லு தாயி, ஒண்ணும் குத்தமில்ல. பாஷ்னு சொல்லு. பாஷிர்னே கூப்பிடு."

சைகாலுக்குப் பல் கிட்டியிருந்தது.