மன்றத்தில் சலவை பேசக் கூடாது

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. "இணையத்துல சாகறதுக்குக் கூட்டு சேர்றாங்களாமே, அதை வெச்சு உருக்கமா ஒண்ணு குடுங்க சார்," என்றார் பத்திரிகை ஆசிரியர். சரியென்று பொய்ப் பெயரில் அப்படியொரு இணைய மன்றத்துக்குள் நுழைந்தேன். என் புத்தக வெளியீட்டில்கூட யாரும் என்னை அவ்வளவு அன்பாக வரவேற்றதில்லை.

(எப்படிச் சாகிறார்கள் என்பது இந்தக் கதையில் வராது. அதற்காகப் புரட்டுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

முதல் தொடக்கம்: "இருள் கவிந்த அந்த அறையில் அவள்..." வேண்டாம். இருட்டிடம் எழுத்தாளர்கள் வாங்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது: பட்டப்பகல். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் உதவி மையம். காதில் ஹெட்போனோடு ஒருத்தி. மன்றத்தில் அவள் பெயர் ஈரத்துணி. அவளுக்கு முதலில் ஒரு காதல் தோல்வி கொடுத்தேன், பொருந்தவில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கொடுமைக்கார அண்ணியைக் கொடுத்தேன். அண்ணியோ, "ஏம்மா, சாப்பிடாமலே போறியே!" என்று டப்பாவும் கையுமாக வாசல்வரை ஓடிவருகிறாள். அவளை எப்படி வில்லியாக்குவது?

ஆக, காரணம் அகப்படவில்லை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்கிறாள். அவளிடம் ஒருவரும் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. பல மாதமாக எதுவும் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். இது போதாது என்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

3

மன்றத்தில் ஒரே விதி: யாரையும் வாழச் சொல்லக் கூடாது. அதைக் காப்பவர் 'தலைவர்'. எல்லோருடைய பேச்சையும் எட்டிப் பார்ப்பார். பல வருடமாகச் சாகப்போகிறவர். விதிகளைத் திருத்தவே பாவம் நேரம் சரியாகப் போய்விடுகிறது.

அங்கேதான் 'பழைய சார்ஜர்' என்ற பெயரில் ஒருவன் அவளுக்குக் கிடைத்தான். ஞாயிறு காலை பேருந்து நிலையத்தில் சந்தித்து, சேர்ந்தே போய்விடுவது என்று முடிவானது. கல்யாணப் பேச்சுகூட இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. இடைவேளையில் எல்லாம் பேசி முடித்ததும், விரல் பழக்கத்தில் அவள் தட்டிவிட்டாள்: "வேறு ஏதாவது உதவி தேவையா?"

பிறகு பதில் வந்தது.

"ஒண்ணு இருக்குங்க. எங்க வீட்டு வாஷிங் மெஷின் கதவு திறக்க மாட்டேங்குது. உள்ள தங்கச்சி யூனிஃபார்ம்."

"தண்ணி நிக்குதா?"

"ஆமா."

"ஸ்விட்சை அணைங்க. கீழ சின்ன மூடி இருக்கும். அடியில ஒரு தட்டு வெச்சுட்டு மெதுவா திருகுங்க."

"ஐயோ, வீடெல்லாம் தண்ணி!"

"தட்டு வெக்கச் சொன்னேன்ல?"

ஈரத்துணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"சார்ஜர், கதவு திறந்துச்சா?"

பதிலுக்குத் தலைவரின் அறிவிப்புதான் வந்தது: "நம்பிக்கை ஊட்டும் விதமாகப் பேசியதால் மன்றத்திலிருந்து நீக்கப்படுகிறீர்கள்."

4

அவள் கொதித்துப்போனாள். "சாகறதுக்கும் ஒழுங்கு நடவடிக்கையாடா?" பல மாதத்தில் அவளுக்கு வந்த முதல் கோபம் அது. பின்னாலேயே பயமும் வந்தது. அவனுடைய பெயர் தெரியாது, எண் தெரியாது. தெரிந்தது பேருந்து நிலையம் மட்டும்தான்.

முடிவு (அ): இருவரும் சந்தித்து, மனம் மாறி, மாலையும் கழுத்துமாக... சீ.

முடிவு (ஆ): திங்கட்கிழமை நாளிதழின் ஒரு மூலையில்... கை வரவில்லை. எனக்கு இருவரையும் பிடித்துத் தொலைத்துவிட்டது. உருக்கத்துக்காக ஆளைக் கொல்ல என்னால் ஆகாது.

எழுத முடிந்தது இவ்வளவே. ஞாயிறு காலை அவள் அங்கே போகிறாள். சாவதற்கு அல்ல, அவன் வந்தால் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போக. அவன் வந்தால், இன்னும் மனம் மாறவில்லை என்று அர்த்தம். வராவிட்டால், வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது தனியாகவே... அவன் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, வரக் கூடாது என்றா, அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு பேருந்தாக எட்டிப் பார்க்கிறாள்.

இதை வாசிக்கும்போதே போனில் இன்னொரு பக்கம் அந்த மன்றத்தையும் திறந்துவைத்திருப்பவரே, இனி நான் எழுதுவதற்கில்லை. இந்த முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாவம், வெயிலில் நிற்கிறாள்.